கரும்புச் சக்கையும் சவுக்கும் காகிதமாகும் வகை

பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகம் முதல் பள்ளிச் சிறுவனின் நோட்டுப் புத்தகம் வரையில், காகிதமின்றி நடைபெறும் காரியம் ஊரில் அரிது. கணிப்பொறியும் கைத்தொலைபேசியும் வந்துவிட்ட இக்காலத்திலும், சந்தைக்குப் போகும் பழத்திற்கு அட்டைப்பெட்டி வேண்டும். நிலத்தை விற்பதற்குப் பத்திரம் வேண்டும். ஆயினும் அக்காகிதம் எதிலிருந்து வருகிறது, அதன் தரம் எதனால் உயர்கிறது, அதில் குடியானவரின் பங்கு யாது என்பவற்றை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை.

அண்மையில் நமது ஒன்றியக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஐயா, சவுக்குப் போடுங்கள், காகித ஆலை வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். மூன்று நான்கு வருஷம் நிலத்தை ஒரே மரத்துக்கு விட்டுவிட்டு, கடைசியில் அவர்கள் சொல்லும் எடைக்கும் விலைக்கும் கைகட்டி நிற்க வேண்டியதுதானா?" என்று கேட்டார். அவர் அமர்வதற்குள் மற்றொரு பெரியவர், "மரம் கிடக்கட்டும், ஆலைத் தண்ணீரை வயலுக்கு விடலாமா, கூடாதா? அதை முதலில் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றிற்கு விடை கூற வேண்டுமானால், கூழும் காகிதமும் செய்யும் முறையில் நிகழ்ந்துள்ள ஆராய்ச்சிகளை ஓரளவேனும் அறிந்துகொள்ளுதல் அவசியம். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காகிதம் என்பது யாது?

தாவரங்களின் உடலில் மயிரிழையினும் மெல்லிய நார்கள் நிறைந்துள்ளன. அந்நார்களைப் பிரித்து, நீரில் கலக்கி, சல்லடை மீது பரப்பி, நீரை வடித்து உலர்த்தினால் கிடைக்கும் தகடே காகிதம். நாரின் பெரும் பகுதி செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. ஒரு நாரை மற்றொரு நாருடன் பிணைத்து நிறுத்துவது லிக்னின் என்னும் பொருள். செங்கல் சுவரில் செங்கல்லைப் போன்றது நார். இடையிலுள்ள சாந்தைப் போன்றது லிக்னின். சாந்தைக் கரைத்துச் செங்கல்லைச் சேதமின்றி எடுப்பது போலவே, லிக்னினைக் கரைத்து நாரைக் கெடாமல் பிரித்தெடுப்பதே கூழ் செய்யும் கலையாகும்.

நாரின் நீளம் காகிதத்தின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம் உடையது. கரும்புச் சக்கையின் நார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்; தைல மரத்தின் நார் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீண்ட நார் காகிதத்திற்குக் கிழியாத வலிமையைத் தருகிறது. குட்டை நாரோ இடைவெளிகளை நிரப்பி, எழுத்து மறுபக்கம் தெரியாத தன்மையையும் அச்சுக்கேற்ற வழவழப்பையும் தருகிறது. சிமெண்டு மூட்டைக்குரிய காகிதத்திற்கு ஒன்றும், பாடப் புத்தகத்திற்கு மற்றொன்றும் வேண்டியிருப்பது இதனாலேயே. எந்த நாரை எந்த அளவில் கலப்பது என்பதே காகித ஆராய்ச்சியின் முதற்பாடம்.

சமைத்தலும் கருநீரும்

மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இட்டு, மூடிய கலத்தில் 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் சமைப்பது இன்று உலகெங்கும் பெருவழக்காக உள்ள முறை. ஜெர்மானிய இரசாயன அறிஞர் கார்ல் டால் 1879-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார். இம்முறையில் கிடைத்த காகிதத்தின் உறுதியைக் கண்டு, ஜெர்மன் மொழியில் வலிமை என்று பொருள்படும் 'கிராஃப்ட்' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

சமைத்து முடிந்ததும் உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதியே கூழாக நிற்கும். மறுபாதி கரைந்து கருநீராக வடியும். இக்கருநீரை ஆற்றில் விட்டால் ஆறு கெடும், ஆலைக்கும் நட்டம். ஆகவே அதைச் சுண்டக் காய்ச்சி, கொதிகலனில் எரித்து நீராவி உண்டாக்குகிறார்கள். எரிந்தபின் எஞ்சும் உப்பிலிருந்து சமைப்பதற்குரிய மருந்துப் பொருள்களை மீண்டும் பெறுகிறார்கள். இதற்கு ஏற்ற கொதிகலன் 1930-களில் உருவாக்கப்பட்ட பின்னரே இத்தொழில் செழித்தது. கழிவையே எரிபொருளாக்கும் இவ்வழக்கம், சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சும் நம் கரும்பு விவசாயிகளுக்குப் புதிதன்று.

நமது நாட்டில் காட்டு மூங்கிலே நெடுங்காலம் காகிதத்திற்கு முக்கிய மூலப்பொருளாக இருந்தது. மூங்கிலைப் படிப்படியாகச் சமைத்துக் கூழாக்கும் முறையை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெயிட் என்பவர் ஆராய்ந்து வகுத்தார். ஆனால் காடு குறைந்தது. காகிதத் தேவையோ பெருகியது. வயலில் விளையும் பொருளை நோக்கி ஆராய்ச்சி திரும்ப வேண்டியதாயிற்று.

சக்கை காகிதமான வரலாறு

நூறு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை எஞ்சும். அதில் பாதி ஈரம். உலர்ந்த 15 டன்னில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, நாரல்லாத உட்சோறு. அதை நீக்கினால் 10 டன் நார்ப்பகுதி. அதைச் சமைத்தால் ஏறக்குறைய 5 டன் கூழ். சர்க்கரை எடுத்த பின்பும் அக்கரும்பு இவ்வளவு பயன் தருகிறது.

கணக்கு எளிதாகத் தோன்றினும் காரியம் எளிதாக இல்லை. மூன்று இடையூறுகள் குறுக்கே நின்றன.

முதலாவது உட்சோறு. பஞ்சு போன்ற இப்பகுதி மருந்தை உறிஞ்சும்; வலிமையைத் தராது; கூழிலிருந்து நீர் வடிவதையும் தடுக்கும். நீர் விரைவில் வடியாவிட்டால் காகித எந்திரத்தை விரைந்து ஓட்ட முடியாது. இதற்கென உட்சோற்றை உதிர்த்துச் சலிக்கும் எந்திரங்கள் வகுக்கப்பட்டன. நீக்கிய உட்சோறும் வீணாவதில்லை, கொதிகலனில் எரிகிறது.

இரண்டாவது சேமிப்பு. சர்க்கரை ஆலை ஆண்டில் சில மாதங்களே அரைக்கும். காகித ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். சக்கையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தால், அதில் எஞ்சிய சர்க்கரை புளித்துச் சூடேறும். நார் நிறம் மாறி மக்கும். சில வேளைகளில் தீயும் பற்றும். வைக்கோற்போர் உள்ளே வெந்து கருகுவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். சக்கையை உலர வைப்பதற்குப் பதிலாக, நீரோடு கொட்டி நனைத்து, பெரிய அம்பாரமாக இறுக்கி, காற்றுப் புகாமல் வைத்தார். ஊறுகாயும் பதனப் பசுந்தீவனமும் கெடாமல் இருப்பதன் தத்துவமே இங்கும் பயன்படுகிறது.

மூன்றாவது மணற்சத்தாகிய சிலிகா. புல்லினப் பயிர்கள் யாவும் மண்ணிலிருந்து இதை உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்தைவிடச் சக்கையில் இது அதிகம். நெல் வைக்கோலில் மிக அதிகம். இது கருநீரில் கரைந்து, காய்ச்சும் குழாய்களில் ஏடாகப் படிந்து அடைத்துவிடுகிறது. சக்கையை நன்கு கழுவி மண்ணை நீக்குவது இதற்கு ஓரளவு பரிகாரம். அறுவடையின்போது கரும்பில் ஒட்டும் மண்ணும் இச்சங்கடத்தை வளர்க்கிறது என்பதைக் கரும்பு வெட்டுவோர் நினைவிற்கொள்ளல் நலம்.

இவ்வாராய்ச்சிகளின் பயனை நம் மாநிலத்திலேயே காணலாம். 1979-இல் மாநில அரசின் முயற்சியால் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அமைக்கப்பட்டது. காவிரிக்கரையில், இன்றைய கரூர் மாவட்டம் புகளூரை அடுத்த காகிதபுரத்தில், சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1984-இல் அதன் உற்பத்தி தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் அதுவரை தம் கொதிகலன்களில் சக்கையை எரித்து வந்தன. அதைப் பெறுவதற்காக, அவற்றிற்கு வேறு எரிபொருளோ நீராவியோ ஈடாக அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சக்கையைக் கழுவிய நீரில் எஞ்சும் இனிப்பும் புளிப்பும் முன்பு பெருந்தொல்லையாக இருந்தன. அந்நீரை மூடிய தொட்டிகளில் நொதிக்கவிட்டு, சாண எரிவாயுவைப் போன்ற வாயுவை எடுத்து, சுண்ணாம்புக் காளவாயில் எரிக்கும் முறையும் பின்னர் அங்கு வந்தது.

மரத்தை மேம்படுத்தும் ஆராய்ச்சி

சக்கை மட்டும் போதாது. கொதிகலனுக்கும் மின்சார உற்பத்திக்கும் அதற்குப் போட்டி உண்டு. ஆகவே ஆலைகளுக்கு மரமும் வேண்டியிருக்கிறது. அம்மரம் இன்று பெரும்பாலும் குடியானவரின் நிலத்திலேயே விளைகிறது. தமிழ்நாட்டில் சவுக்கு, தைல மரம், மலைவேம்பு ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன.

விதையிலிருந்து எழும் நாற்றுகளில் ஒன்று உயரும், மற்றொன்று குன்றும். பிரேசில் நாட்டில் 1970-களில், சிறந்த தைல மரங்களைத் தேர்ந்து, அவற்றின் தண்டுக் குச்சிகளை வேர்விடச் செய்து, ஒரே குணமுள்ள குளோன் நாற்றுகளைப் பெருமளவில் வளர்த்தனர். அவ்வேலையைச் செய்த அறிஞர்களுக்கு 1984-இல் ஸ்வீடன் நாட்டின் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு வழங்கப்பட்டது. நம் மாநிலத்தில் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக வனக்கல்லூரியும் சவுக்கிலும் பிற மரங்களிலும் இவ்வழியே பாடுபட்டு வருகின்றன. நாட்டுச் சவுக்கையும், வறட்சியை நன்கு தாங்கும் ஜுங்குனியானா சவுக்கையும் இணைத்துக் கலப்பினங்களும் உருவாக்கப்பட்டுள்ளன.

விரைவில் பருக்கும் மரமே சிறந்த மரம் என்று நினைத்துவிடலாகாது. பருமன் இருந்தும் கட்டை இலேசாயிருந்தால், ஒரு கன மீட்டர் மரத்தில் கிடைக்கும் கூழ் குறையும். லிக்னின் மிகுந்திருந்தால் மருந்து அதிகம் செலவாகும். வளர்ச்சி, கட்டையின் அடர்த்தி, கூழின் விளைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்த்தே நல்ல இனம் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இடைவெளியும் முக்கியம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 மரம். ஒன்றரை மீட்டர் விட்டால் 1,800 மரம். நெருக்கி நட்டால் மரம் மெலியும். மெலிந்த மரத்தில் பட்டையின் பங்கு அதிகம். பட்டையோ கூழுக்கு உதவாது.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகிறது. இது மண்ணுக்கு நன்மை. மறுபுறம், ஊர் முழுவதும் ஒரே குளோனை நடுவதில் அபாயமும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தைல மரங்களின் இலையில் கழலையை உண்டாக்கும் ஒரு சிறு குளவி பரவியபோது, அதற்கு இடங்கொடுத்த இனத்தை மட்டும் நட்டவர்கள் பெரிதும் துன்புற்றனர். இரண்டு மூன்று இனங்களைப் பிரித்து நடுவதே விவேகம்.

எடையும் ஈரமும்

இனி, உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். நமது ஒன்றியத்தில் ஒரு விவசாயி மரத்தை வெட்டிப் பட்டை உரித்துச் சாலையோரம் அடுக்கினார். வருவதாகச் சொன்ன லாரி பல நாள் வரவில்லை. கோடை வெயில். எடைமேடை ஏறியபோது தாம் மதிப்பிட்டதைவிட எடை வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டு, தம்மை ஏமாற்றிவிட்டதாக மனம் கசந்தார். எடைமேடையில் பிழையில்லை, ஈரம் போய்விட்டது.

கணக்கைப் பார்ப்போம். பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி நீர். 20 டன் பச்சை மரத்தில் உலர்ந்த மரம் 10 டன். அது காய்ந்து, ஈரம் 40 சதவிகிதமாக இறங்கினால், மொத்த எடை 16 டன் 667 கிலோவாகிவிடும். உலர்ந்த மரம் அதே 10 டன்தான். அதிலிருந்து எடுக்கும் கூழும் குறைவதில்லை. எடைக்கு மட்டும் விலை என்றால், 3 டன் 333 கிலோவுக்குரிய பணம் விவசாயியின் கையைவிட்டுப் போகிறது. ஆலைக்கு ஒன்றும் குறைவதில்லை.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, லாரி வரும் நாளை உறுதி செய்துகொண்ட பின்னரே வெட்டுதல். மற்றொன்று, ஈரத்தை அளந்து உலர் எடைக்கு விலை நிர்ணயிக்க வேண்டுமென ஒப்பந்தத்திலேயே கேட்டல். மரத்தில் ஈரத்தை அளப்பது ஆய்வுக்கூடத்தில் கடினமான காரியமன்று. தனி ஒருவர் கேட்டால் கிட்டாதது, இருபது பேர் சேர்ந்து கேட்டால் கிட்டும். கூட்டுறவின் பயனை நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளுத்தலும் ஆலை நீரும்

சமைத்த கூழ் பழுப்பு நிறம் உடையது. அதை வெளுக்க நெடுங்காலம் குளோரின் வாயு பயன்பட்டது. எஞ்சிய லிக்னினும் குளோரினும் சேர்ந்து, டையாக்சின் முதலிய கொடிய நஞ்சுகள் சிறிதளவு உண்டாகின்றன என்பது 1980-களின் நடுவில் தெரியவந்தது. அதன் பின்னர், கூழை முதலில் ஆக்சிஜனால் தூய்மை செய்தல், குளோரின் வாயுவுக்குப் பதிலாகக் குளோரின் டை ஆக்சைடைப் பயன்படுத்துதல், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன் ஆகியவற்றைச் சேர்த்தல் என்று பல முறைகள் வந்தன. நுண்ணுயிர்களிடமிருந்து பெறும் சைலனேஸ் என்னும் நொதியைக் கூழில் கலந்தால் வெளுக்கும் மருந்து குறைவாகச் செலவாகும் என்பதைப் பின்லாந்து அறிஞர்கள் 1986-இல் எடுத்துக் காட்டினர்.

நீரின் செலவும் குறைந்திருக்கிறது. முன்பு ஒரு டன் காகிதத்திற்கு 200 கன மீட்டர் வரை நீர் செலவிட்ட ஆலைகள் நம் நாட்டில் இருந்தன. கழுவிய நீரையே மறுபடியும் பயன்படுத்தும் பெரிய ஆலைகள் இன்று அதில் கால் பங்கு அல்லது அதனினும் குறைவாகவே செலவிடுகின்றன.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீர் குறையும்போது அதிலுள்ள உப்பு அடர்த்தியாகிறது. மக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கரைந்த உப்பை அவை தின்னா. சோடியம் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால், களிமண் நிலம் இறுகி, நீர் உள்ளே இறங்காமல், களர் தட்டும். வடிகால் உள்ள மணற்பாங்கான நிலம் ஓரளவு தாங்கும். சுத்திகரித்த ஆலைநீரைக் கொண்டு தீவனப்புல், தென்னை, கரும்பு முதலியவற்றை வளர்ப்பது சில இடங்களில் நடைமுறையில் உள்ளது. ஆகவே பெரியவரின் கேள்விக்கு "விடலாம்" என்றோ "கூடாது" என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. நீரின் மின்கடத்துதிறன், சோடியத்தின் விகிதம், மண்ணின் இயல்பு ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே விடை சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மீண்டும் சோதிக்கவும் வேண்டும். நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு நிலத்தை ஒப்புவித்துவிடலாகாது.

நீடித்து நிற்கும் காகிதம்

நமது அலுவலகப் பதிவறையில் சில பழைய பதிவேடுகளைத் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகின்றன. அவற்றினும் மூத்த சில ஏடுகளோ இன்னும் உறுதியாக உள்ளன. இதன் காரணத்தை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் பாரோ என்பவர் ஆராய்ந்தார். 1900 முதல் 1949 வரை அச்சிடப்பட்ட 500 புத்தகங்களைச் சோதித்து, அவற்றில் மிகப் பெரும்பாலானவை நெடுநாள் நிலைக்கமாட்டா என்று 1959-இல் அவர் அறிவித்தார். மை ஊறாமல் இருக்கக் காகிதத்தில் சேர்த்த ரோசினும் படிகாரமும் புளிப்புத்தன்மையை விளைவித்து, நாரை உள்ளிருந்தே அரிக்கின்றன என்பது தெளிவாயிற்று.

படிகாரம் வேண்டாத புதிய பசைகள் வந்த பிறகு, சுண்ணத்தூளைக் காகிதத்தில் கலக்க வழி பிறந்தது. அது வெண்மையைத் தருவதோடு, பின்னாளில் சேரும் புளிப்பையும் முறிக்கிறது. நிலைத்து நிற்கும் காகிதத்திற்கான உலகத் தர அளவு 1994-இல் வெளியாயிற்று. அதன்படி, இத்தகைய காகிதத்தில் சுண்ணத்தூள் குறைந்தது 2 சதவிகிதமாவது, அல்லது அதற்கு ஈடான காரச் சேமிப்பாவது இருக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவேடும் சொத்துப் பதிவேடும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் சாட்சி சொல்ல வேண்டியவை. அவற்றிற்குக் காகிதம் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தல் தகாது.

நாம் செய்ய வேண்டியவை

மரம் நட எண்ணும் விவசாயிகள், நாற்றின் இனப்பெயரையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். உணவுப்பயிர் விளையும் நல்ல நஞ்சையை விட்டுவிட்டு, பாசன வசதி குறைந்த நிலத்தில் முதலில் ஒரு பகுதியை மட்டும் நட்டுப் பார்க்கலாம். குடிநீர்க் கிணற்றின் அருகே தைல மரத்தைத் தவிர்த்தல் நன்று. ஒப்பந்தத்தில் விலை, எடைபோடும் முறை, லாரிக்கூலி, வெட்டும் காலம் ஆகிய நான்கும் தெளிவாக இருக்கவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், ஆலைநீர் பாயும் ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மண்ணும் கிணற்று நீரும் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு கிராம சபையில் வாசிக்கப்படுவதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். வீடுகளில் காகிதத்தை எச்சில் குப்பையோடு சேர்க்காமல் தனியே வைக்கப் பழக்கவேண்டும். நனைந்து அழுக்கேறிய காகிதம் குப்பை. உலர்ந்த காகிதம் மீண்டும் கூழாகும். நார் ஒவ்வொரு முறையும் சற்றுத் தேய்கிறதெனினும், பலமுறை அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினர் மீண்டும் எழுந்தால், கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்றே நாம் விடை கூறுவோம். எதை அளக்க வேண்டும் என்று அறிந்தவர், எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அறிவார். ஆராய்ச்சியின் பலன் ஆலையின் வாயிலோடு நின்றுவிடாமல் வரப்பு வரையில் வந்து சேர்வதற்கு, அவ்வறிவே வழியாகும்.